லிஃப்டுக்குள் ஆறாவது ஆள்

லிஃப்ட் செய்து விற்கிற அந்த நிறுவனத்தின் சொந்தக் கட்டடத்தில் இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் இல்லை. இதைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம். லிஃப்டுக்கான குழி இருந்தது. தரைத்தளத்திலிருந்து மூன்றாம் மாடி வரை நேராக, நூல் பிசகாமல் கட்டிய குழி. அதற்குள் பழைய காலண்டர்களைக் கட்டுக்கட்டாக அடுக்கிப் பூட்டி வைத்திருந்தார்கள். எதை எங்கே வைப்பது என்று ஒரு நிறுவனத்துக்கு யாரும் சொல்லித்தர முடியாது.

அந்தக் காலண்டர்களில் மார்ச் மாதம் மட்டும் ஒருவருக்குச் சொந்தம். பதினைந்து வருஷமாக மார்ச் மாதத் தாளில் அவர்தான். நிறுவனத்தின் காட்சிக்கூடத்தில் ஒரு மாதிரி லிஃப்ட் உண்டு. கதவு திறக்கும், மெல்லிசை ஒலிக்கும், மூன்றடி ஏறும், வந்தவர்கள் கைதட்டியதும் இறங்கிவிடும். அதன் வாசலில், இடது காலில் இரும்புச் சட்டமும் கையில் ஊன்றுகோலுமாக நின்று அவர் சிரிப்பார். கீழே, 'அனைவரையும் அரவணைப்போம்' என்று எழுதியிருக்கும். ஆறாவது மார்ச்சில் கண்ணாடி போட்டார். பதினோராவது மார்ச்சில் நரை வந்தது, அச்சகத்தில் கறுப்பாக்கிவிட்டார்கள். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் காலண்டர் அக்கா.

அக்காவின் வேலை, லிஃப்டுக்குள் சிக்கிக்கொண்டவர்களோடு பேசுவது. ஊரில் எங்கே அந்த நிறுவனத்தின் லிஃப்ட் நின்றாலும், உள்ளே இருப்பவர் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மணி அக்காவின் மேசையில் அடிக்கும். மெக்கானிக் போய்க் கதவைத் திறக்கிற வரைக்கும் உள்ளே இருப்பவரை உயிரோடும் ஓரளவு புத்தியோடும் வைத்திருக்க வேண்டியது அக்காவின் பொறுப்பு.

"ஹலோ! ஹலோ! நான் செத்துடுவேன்!"

"சரிங்க. அதுக்கு முன்னாடி எந்தக் கட்டடம்னு சொல்லிடுங்க."

இப்படித்தான் ஆரம்பிப்பார். 'பயப்படாதீங்க' என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதைச் சொன்ன பிறகுதான் பலருக்குப் பயப்பட வேண்டும் என்றே ஞாபகம் வருகிறது என்பது அவர் கண்டறிந்தது. "தரையில உக்காருங்க. செருப்பைக் கழட்டிடுங்க. காலையில என்ன சாப்பிட்டீங்க? அதை யார் சமைச்சது? நல்லா இருந்துச்சா, உண்மையைச் சொல்லுங்க, வீட்டுல யாருக்கும் கேக்காது" என்று போகும் பேச்சு. மாமியார் சமையலைப் பற்றிக் குறைசொல்ல ஆரம்பித்த ஒரு பெண்மணி, கதவு திறந்த பிறகும் வெளியே வர மறுத்தார்.

அவருடைய அறை மாடிப்படிக்கு அடியில். படி சரிகிற கணக்குக்கு அறையின் கூரையும் சரியும். உட்கார்ந்திருந்தால் பிரச்சினை இல்லை, நின்றால் தலை இடிக்கும். 'அக்காவுக்கு வசதியா இருக்கும்னு நாங்களே பார்த்துத் தேர்ந்தெடுத்த ரூம்' என்று பணியாளர் நல அதிகாரி விருந்தினர்களுக்குக் காட்டுவார். பத்தொன்பது வருஷ சர்வீஸில் அக்கா ஏழு பேருக்கு வேலை பழக்கினார். ஏழு பேரும் பதவி உயர்ந்து அவர் தலைக்கு மேலேயே ஏறிப் போனார்கள். இது உவமை இல்லை, படி அங்கேதான் இருந்தது. காலடிச் சத்தத்தை வைத்தே யார் எந்தப் பதவிக்குப் போகிறார் என்று அக்காவால் சொல்ல முடியும்.

ஏழாம் விதியும் அக்கா கொண்டுவந்ததுதான். முன்பெல்லாம் வேலைநேரம் முடிந்தால் பேச்சை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒருநாள் ஒரு பெரியவர் சிக்கிக்கொண்டபோது மூன்று குரல் மாறிவிட்டது. தன்னை யாரோ கூட்டமாகக் கடத்திவிட்டார்கள் என்று அவர் முடிவுகட்டி, கதவைத் திறந்த மெக்கானிக்கைக் குடையால் விளாசிவிட்டார். அந்த மெக்கானிக்கை எல்லோரும் கிரீஸ் என்பார்கள். அடி வாங்கிய தோள் அவருக்கு இன்றைக்கும் மழைக்காலத்தில் வலிக்கும். அன்றே அக்கா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: அழைப்பை எடுத்தவரே முடிக்க வேண்டும், கதவு திறக்கும் வரை குரல் மாறக் கூடாது, இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. நிறுவனத்தின் கையேட்டில் அது ஏழாம் விதியாக ஏறியது. அடியில் பொது மேலாளரின் கையெழுத்து.

பிரிவுப் பொறுப்பாளர் பதவிக்கு அக்கா ஆசைப்பட்டார். அந்த நாற்காலி மூன்றாம் மாடியில். அதில் உட்கார்ந்தால், ஒரு நேரத்துக்கு இரண்டு பேராவது வேலையில் இருக்க வேண்டும் என்று உத்தரவு போடலாம், பேசுகிறவர்கள் நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கலாம், பாத்ரூம் போகலாம். ஆசை ஒன்றும் பெரிதில்லை. தூரம்தான் ஐம்பத்துநான்கு படி.

முதல் தடவை நேர்முகத்துக்கு அவரே ஏறிப் போனார். இருபத்தாறு நிமிடம் ஆயிற்று. வேர்த்து நனைந்து உள்ளே நுழைந்தவரைப் பார்த்துக் குழுவினர் மனம் இளகிவிட்டது. ஒருவர் தண்ணீர் கொடுத்தார், ஒருவர் மின்விசிறியைத் திருப்பி வைத்தார். இந்த அம்மாவைத் தினமும் இவ்வளவு படி ஏறவைப்பது மகா பாவம் என்று மூவரும் ஒருமனதாக முடிவு செய்து, கருணையோடு பதவியை மறுத்தார்கள்.

இரண்டாம் தடவை நல அதிகாரி புதிதாக வந்திருந்தார். "அக்கா, நீங்க ஏறவே வேணாம். நாங்க எதுக்கு இருக்கோம்?" என்றார். நான்கு பேர் அக்காவை நாற்காலியோடு தூக்கினார்கள். முதல் மாடித் திருப்பத்தில் போட்டோ. இரண்டாம் மாடியில் தூக்கியவர்களுக்குத் தேநீர், மறுபடி போட்டோ. நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தபோது அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிய படம்தான் அடுத்த வருஷம் மார்ச். நேர்முகத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். "தினமும் உங்களைத் தூக்க நாலு பேர் வேணுமேம்மா, அவங்க வேலையை யார் செய்வா?"

அதன் பிறகு அக்கா ஒரு கடிதம் எழுதினார். நேர்முகத்தைத் தரைத்தளத்தில் வையுங்கள், பொறுப்பாளர் நாற்காலியையும் கீழேயே போடுங்கள், மேலே இருந்து பார்க்க அந்த வேலையில் எதுவும் இல்லை என்று. நல அதிகாரி நேரில் வந்து பதில் சொன்னார்.

"அக்கா, எல்லாருக்கும் ஒரே இடம், ஒரே நேரம், ஒரே கேள்வி. அதுதானே சமத்துவம்? உங்களுக்கு மட்டும் கீழ வச்சா, பாவம், கால் நல்லா இருக்கறவங்களுக்கு அநியாயம் இல்லையா?"

கால் நன்றாக இருக்கிறவர்களின் துயரத்தைப் பற்றி அக்கா அதுவரை யோசித்ததில்லை. ஒப்புக்கொண்டார்.

இப்படியிருக்கையில் ஒரு பெரிய மருத்துவமனை நூற்றிருபது லிஃப்டுகள் வாங்க வந்தது. வாங்குவதற்கு ஒரு நிபந்தனை. விற்கிற நிறுவனம் தன் ஆட்களைச் சமநீதியோடு நடத்துகிறது என்று சான்றிதழ் வேண்டும். அரவணைப்பு என்பதெல்லாம் பழைய சரக்காம். இருபத்திரண்டு வருஷம் வராத லிஃப்ட் இருபத்துமூன்று நாளில் வந்தது. குழியில் இருந்த காலண்டர்களை அள்ளி வெளியே எறிந்தார்கள். வாசலில் 'அரவணைப்பிலிருந்து சமநீதிக்கு' என்று துணிப்பதாகை ஏறியது. சான்றிதழ்காரர்கள் வருகிற நாளிலேயே நேர்முகமும் வைத்தார்கள். பார்க்கிறவர்களுக்கு அழகாக இருக்கும் அல்லவா?

அக்காவுக்கு இது கடைசி வாய்ப்பு. அந்தப் பதவிக்கு வயது வரம்பு நாற்பத்தெட்டு. அவருக்கு நாற்பத்தெட்டு ஓடிக்கொண்டிருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் கணவர் அவருடைய கால் சட்டத்தின் மூட்டுக்கு எண்ணெய் விட்டார். கணவர் வீடுவீடாக மின்சார மீட்டர் பார்க்கிற உத்தியோகம். ஏறாத மாடி கிடையாது.

"ஏம்மா, நிஜமாவே மூணாவது மாடி வரைக்கும் போகுமா? இல்ல அந்த ஷோரூம் லிஃப்ட் மாதிரி மூணு அடிதானா?"

"உங்களுக்கு எப்பவும் நக்கல்தான்."

"நான் ஏறின படியில பாதியை உன் பேர்ல எழுதிவச்சிருந்தா நீ இந்நேரம் மேனேஜிங் டைரக்டர்."

"பேசாம எண்ணெய் விடுங்க. நடக்கும்போது கிறீச்னு சத்தம் வரக் கூடாது. முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டதும்தான் ஒருத்தர் தண்ணி எடுக்க ஓடினார்."

மகள் நீலப் புடவையை இஸ்திரி போட்டு வைத்தாள். "அம்மா, யாரும் தண்ணி குடுத்தா வாங்காதே" என்றாள். குடும்பமே ஆயத்தமாக இருந்தது.

மறுநாள் இரண்டே வேட்பாளர்கள். பதினொரு மணிக்கு அக்கா பழக்கிய ஏழு பேரில் கடைசி ஆள். இரண்டு வருஷமாக முதல் மாடியில் கணக்கெடுக்கிற வேலை. பேசுகிறவர் முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவதால் அவருக்கு அவசரம் என்று பெயர். பதினொன்றரைக்கு அக்கா. அக்காவை மாற்றி மேசையில் உட்கார வேண்டிய பெண்ணைப் பதினொரு மணிக்கு விருந்தாளிகளுக்கு ரோஜாப்பூக் கொடுக்க மேலே கூட்டிப் போயிருந்தார்கள். "பத்து நிமிஷத்துல அனுப்பிடறோம்க்கா."

ரிப்பன் வெட்டியாயிற்று. பொது மேலாளர் அக்காவின் அறைக்குள் தலையை நீட்டினார்.

"முதல் ட்ரிப் விருந்தாளிங்களோட நாங்க போறோம். ரெண்டாவது ட்ரிப் உங்களுக்குத்தான்மா. மேல கதவு திறந்ததும் ஒரு சிரிப்பு. போட்டோகிராபர் ரெடியா இருப்பார்."

லிஃப்டில் ஐந்து பேர் ஏறினார்கள். பொது மேலாளர், நல அதிகாரி, சான்றிதழ்காரர்கள் இருவர், மருத்துவமனை ஆள் ஒருவர். பதினொரு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு அக்காவின் மேசையில் மணி அடித்தது.

"ஹலோ! யாரு? நான் ஜி.எம். பேசறேன்!"

"வணக்கம் சார். எந்தக் கட்டடம்?"

"நம்ம கட்டடம்தான்மா!"

"எந்த லிஃப்ட் சார்?"

"இருக்கறதே ஒண்ணுதானேம்மா!"

"கேக்கணும் சார். ரெண்டாம் விதி. உள்ள எத்தனை பேர்?"

இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றிருந்தது. கிரீஸ் ஊரின் மறுகோடியில் இருந்தார். வர முக்கால் மணி ஆகும். அக்கா எல்லோரையும் தரையில் உட்காரச் சொன்னார், செருப்பைக் கழற்றச் சொன்னார். பொது மேலாளருக்கு மட்டும் மூச்சு வாங்குவது போனிலேயே கேட்டது.

"சார், காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"அம்மா, எனக்கு... சுவரெல்லாம் கிட்ட வர்ற மாதிரி இருக்கும்மா."

"வராது சார். நம்ம கம்பெனி சுவர், எதுக்கும் கிட்ட வராது. ரொட்டியா, வேற எதாவதா?"

பதினொன்று இருபது ஆயிற்று. ரோஜாப்பூப் பெண் வரவில்லை. அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சார், பதினொன்றரைக்கு எனக்கு மேல நேர்முகம் இருக்கு."

"லைனை விட்டுட்டுப் போயிடாதீங்க! தயவுசெஞ்சு போயிடாதீங்கம்மா! நேர்முகம் எங்க ஓடிப்போகுது? நான் பார்த்துக்கறேன். என் பொறுப்பு. சத்தியமா என் பொறுப்பு." அதற்குப் பிறகு அவர் அழுதார். விருந்தாளிகள் முன்னால், காலணி இல்லாமல், தரையில் உட்கார்ந்து.

அந்த நேரத்தில் படியில் தடதடவென்று காலடி. அவசரம் நேர்முகத்தை முடித்துவிட்டு இறங்கி வந்திருந்தார். முகம் மலர்ந்திருந்தது. அக்கா போனைக் கையால் மூடினார்.

"தம்பி, அஞ்சு நிமிஷம் இந்த லைனைப் பிடிச்சுக்க. இல்லன்னா மேல போய் நான் லைன்ல இருக்கேன்னாவது சொல்லிடு."

அவசரம் தலையைச் சொறிந்தார். "எப்படிக்கா? குரல் மாறக் கூடாதே. ஏழாம் விதி. நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க?"

"மேல போய்ச் சொல்லலாமில்ல?"

"நானே ஒரு கேண்டிடேட். நான் போய்ச் சொன்னா நல்லா இருக்காதுக்கா. குழுவை வளைக்கற மாதிரி ஆயிடும்." நியாயமான மனிதர். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி மேலே போனார்.

மேசையில் இன்னொரு போனும் இருந்தது. அதில் மூன்றாம் மாடிக்கு அடித்தார் அக்கா. எல்லோரும் லிஃப்ட் கதவுப் பக்கம் கூடி நின்று, "சார் பயப்படாதீங்க, பயப்படாதீங்க" என்று கத்திக்கொண்டிருந்ததால் யாரும் எடுக்கவில்லை.

ஏழாம் விதியை மீறி இணைப்பைத் துண்டித்துவிட்டு அக்கா எழுந்து போயிருக்கலாம். லிஃப்ட்தான் நடுவில் நிற்கிறதே, படி ஏறினால் இருபத்தாறு நிமிடம். அதையும் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தார். போனில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. "அந்த ரொட்டியை யார் சார் சுட்டது?" என்று கேட்டார்.

மூன்றாம் மாடியில் நேர்முகக் குழுவினர் மட்டும் கடமை தவறாமல் நாற்காலியிலேயே இருந்தார்கள். பதினொன்றரைக்கு அக்கா பெயரைக் கூப்பிட்டார்கள். பதினொன்று முப்பத்தைந்துக்கு ஒருமுறை, நாற்பதுக்கு ஒருமுறை. பிறகு தாளில் 'வரவில்லை' என்று எழுதினார்கள். எல்லோருக்கும் ஒரே இடம், ஒரே நேரம்.

பன்னிரண்டு நாலுக்குக் கிரீஸ் கதவைத் திறந்தார். இரண்டாம் மாடிக் கதவின் பூட்டுக்குள் ஒரு காகிதம் சிக்கி மின்னோட்டத்தை நிறுத்தியிருந்தது. இழுத்து எடுத்துப் பிரித்தால், எட்டு வருஷத்துக்கு முந்தைய மார்ச். அக்கா சிரித்துக்கொண்டிருந்தார்.

சான்றிதழ்காரர்கள் நெகிழ்ந்துபோனார்கள். இப்படியொரு பெண்மணியைக் காலோடு சேர்த்து அரவணைத்து, உயிர்காக்கும் பொறுப்பையே நம்பிக் கொடுத்திருக்கும் நிறுவனத்துக்குச் சான்றிதழ் தராமல் யாருக்குத் தருவது? அங்கேயே கையெழுத்தானது. அக்காவுக்குப் பூங்கொத்து. அடுத்த வருஷக் காலண்டரின் அட்டைப் படமே அவர்தான் என்று பொது மேலாளர் அறிவித்தார். முகம் கழுவி, காலணி மாட்டி, பழைய உயரத்துக்கு வந்துவிட்டிருந்தார்.

பிரிவுப் பொறுப்பாளராக அவசரம் நியமனமானார்.

அக்கா நல அதிகாரியைக் கூப்பிட்டுக் கேட்டார். "சார் என் பொறுப்புன்னு சொன்னாரேம்மா. நீங்களும் உள்ளதானே இருந்தீங்க?"

"அந்த டென்ஷன்ல எனக்கு எதுவுமே காதுல விழலக்கா. குழு எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு. வாய்வார்த்தைக்கு எந்த ஃபைல்லக்கா இடம் இருக்கு?"

"எல்லா அழைப்பும் பதிவாகுதே. போட்டுக் கேளுங்க."

நல அதிகாரியின் குரல் இன்னும் மென்மையானது. "அது... சார் அழுத பதிவு இல்லையா? நிர்வாகத்தோட கௌரவம். அன்னைக்கே அழிச்சுட்டோம்." பிறகு, சூழ்நிலையை இலகுவாக்க, "அப்படிப் பார்த்தா லிஃப்டை நிறுத்தினதே உங்க படம்தானேக்கா" என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. மார்ச்சுக்குத்தான் சிரிப்பது வழக்கம்.

குரலை அழித்தவர்கள் பதிவேட்டை மறந்துவிட்டார்கள். ஒவ்வொரு அழைப்பையும் பக்க எண் போட்ட தடித்த நோட்டில் மையால் எழுத வேண்டும், அடிக்கவோ திருத்தவோ கூடாது, ஐந்தாம் விதி. அக்கா அன்றைக்கே எழுதியிருந்தார். சிக்கியவர்கள்: ஆறு. வெளியே வந்தவர்கள்: ஐந்து. இன்னும் உள்ளே: ஒன்று.

மாதக் கடைசியில், சான்றிதழின் நிபந்தனைப்படி, அந்தக் கணக்கு சான்றிதழ் அலுவலகத்துக்குப் போயிற்று. அங்கிருந்து கடிதம் வந்தது. தங்கள் கட்டடத்து லிஃப்டில் ஒருவர் முப்பது நாளாக உள்ளே இருப்பதாகத் தெரிகிறது, அவருடைய நிலவரம் தெரிவிக்கவும். நல அதிகாரி முதல்முறையாக அவசர அவசரமாக அந்த அறைக்குள் நுழைந்து தலையை இடித்துக்கொண்டார்.

"என்னக்கா இது? அஞ்சு பேர்தானே இருந்தோம்? யாரு அந்த ஆறாவது ஆள்?"

"அன்னைக்கு லைன்ல ஆறு குரல்மா. அஞ்சு பேர் வெளிய விடுங்கன்னு சொன்னாங்க. ஒருத்தர் பதினொன்றரைக்கு நேர்முகம் இருக்குன்னு சொன்னாங்க. அந்தக் குரல்தான் உங்க காதுல விழல."

"விளையாடாதீங்கக்கா. ஒரு கோடு போட்டு அஞ்சுன்னு மாத்திடுங்க."

"எல்லாருக்கும் ஒரே விதிதானேம்மா? அடிக்கக் கூடாது."

அதன் பிறகு மாதாமாதம் அந்தக் கடிதம் வருகிறது. உள்ளே ஆள் இருப்பதாகப் பதிவு இருக்கும்வரை மெக்கானிக் போய்த் தேடிப் பார்த்து எழுதித்தர வேண்டும் என்று இன்னொரு விதி, ஒன்பதாவது. கிரீஸ் டார்ச்சோடு குழிக்குள் இறங்குவார். பெட்டியின் கூரை மேல் ஏறுவார். ஏறி இறங்கி, 'தேடப்பட்டது, கிடைக்கவில்லை' என்று கையெழுத்துப் போடுவார். லிஃப்ட் நன்றாகவே ஓடுகிறது. மேலே தேநீர் போகிறது, கோப்புகள் போகின்றன. அக்காவுக்குத்தான் மூன்றாம் மாடியில் வேலை எதுவும் இல்லை. போன வாரம் நாற்பத்தெட்டு முடிந்தது.

இந்த மாதமும் கிரீஸ் தோளைத் தடவிக்கொண்டே வந்து படிவத்தை நீட்டினார்.

"பார்த்துட்டேன்க்கா."

"யாராச்சும் இருந்தாங்களா தம்பி?"

"இல்லக்கா."

"நல்லாப் பார்த்தியா?"

கிரீஸ் கையில் இருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தார். அக்கா நோட்டைப் பிரித்து, 'இன்னும் உள்ளே: ஒன்று' என்று எழுதி மை காயக் காத்திருந்தார். தலைக்கு மேலே தடதடவென்று அவசரத்தின் காலடி ஏறிப் போயிற்று. லிஃப்டில் போக அவருக்குப் பயம்.